மந்திரமும் யோகமும் கற்கும் முறை

மந்திரம், யோகம் என்னும் இரு சொற்களும் நம்மவர் நாவில் நாள்தோறும் பயில்வன. ஆயினும் அவற்றின் பொருளை ஆராய்ந்து கொண்டோர் சிலரே. மந்திரம் என்றதும் செப்புத் தகடும் கறுப்புக் கயிறும் பலருக்கு நினைவில் வருகின்றன. யோகம் என்றதும் உடலை வளைத்து நிற்கும் ஒருவரின் படம் நினைவில் வருகின்றது. இரண்டையும் ஒரு நெறியின் இரு பகுதிகளாகக் கொண்டு முறைப்படக் கூறும் நூல்கள் உள என்பதையோ, அந்நூல்களைக் கற்பதற்கும் ஒரு முறை உண்டு என்பதையோ எண்ணுவார் அரியர்.

அத்தகைய நூல்கள் இரண்டினை ஈண்டு எடுத்துக்கொள்வோம். ஒன்று, ஆங்கிலேயராகிய அலிஸ்ரர் குறோளி எழுதிய ‘நான்காம் நூல்’. மேனாட்டில் மந்திரக் கிரியை பயில்வோர் பலரும் அதனை மூல நூல்களுள் ஒன்றாகப் போற்றுகின்றனர். மற்றையது, பத்தாந் திருமுறையாய் விளங்கும் திருமூலரது திருமந்திரம். முன்னது இருபதாம் நூற்றாண்டில் எழுந்தது. பின்னது அதற்குப் பன்னூறு ஆண்டுகள் முற்பட்டது. இரண்டும் மனத்தை ஒருமைப்படுத்தும் வழியைக் கூறுகின்றன; இரண்டும் கிரியைக்குரிய கருவிகளையும் சொற்களையும் விளக்குகின்றன. ஆயினும் ஓர் இடத்தில் இவை வேறுபடுகின்றன. அவ்வேறுபாடு எது முன் நிற்றல் வேண்டும், எது பின் நிற்றல் வேண்டும் என்னும் வரிசை பற்றியது. பார்வைக்குச் சிறிதாகத் தோன்றும் அவ்வேறுபாடே கற்பவனுடைய வாழ்வுக்குப் பெரிதாகும் என்பதைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொழும்பில் விதைத்த விதை

குறோளியின் நூலை நம்மவர் அறியவேண்டியதற்கு முதற் காரணம், அதன் யோகப் பகுதி இலங்கை மண்ணோடு தொடர்புடையது என்பதாகும். அவ்வரலாறு வருமாறு.

இலண்டன் மாநகரில் 1888ஆம் ஆண்டில், ‘பொன் விடியல்’ எனப் பொருள்படும் பெயரோடு மறைநெறிக் கழகம் ஒன்று தோன்றியது. யூதர், எகிப்தியர், கிரேக்கர் ஆகியோரின் பழைய மறைக் கலைகளை ஒன்றாகத் தொகுத்துக் கிரியைகளாகப் பயின்ற கழகம் அது. 1872ஆம் ஆண்டிற் பிறந்த அலன் பெனற் என்னும் இரசாயன அறிஞர் அதன் உறுப்பினருள் ஒருவர். அவருக்கு ஈழை நோய் கடுமையாக இருந்தது. அவரிடம் மந்திரக் கிரியை கற்ற இளைஞரே குறோளி. இலண்டனின் குளிர் உடலுக்கு ஒவ்வாமையாலும் கீழைநாட்டு நெறிகளை நேரே அறியும் வேட்கையாலும் பெனற் 1900ஆம் ஆண்டில் இலங்கை வந்து சேர்ந்தார்.

அக்காலத்தில் இலங்கையின் சொலிசிற்றர் ஜெனரலாக விளங்கியவர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள். சட்ட அறிவிலும் அரசியலிலும் தலைசிறந்து நின்ற அவர், தஞ்சை அருட்பரானந்த சுவாமிகளிடம் ஞானோபதேசம் பெற்றவர். ஸ்ரீ பரானந்தர் என்னும் பெயரால் மத்தேயு சுவிசேடத்துக்கு 1898இலும் யோவான் சுவிசேடத்துக்கு 1902இலும் ஆங்கிலத்தில் விளக்கவுரை எழுதி வெளியிட்டவர். கிறித்தவ வேதத்துக்குச் சைவ ஞானி ஒருவர் யோக நோக்கில் உரை கண்டது அந்நாளில் புதுமையாயிருந்தது. இப்பெரியாரின் இளம் புதல்வர்க்கு ஆசிரியராகப் பெனற் அமர்ந்தார் என்றும், அவரிடமே யோக நெறியைக் கற்றார் என்றும் குறோளி தம் வாழ்க்கை வரலாற்றிற் குறித்துள்ளார்.

1901ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திற் குறோளியும் கொழும்பு வந்தார். இருவரும் கண்டிக்குச் சென்று மலைச்சாரலில் ஒரு மனையை வாடகைக்கு அமர்த்திச் சில மாதம் யோகம் பயின்றனர். இராமநாதனிடம் பெற்ற பாடத்தைப் பெனற் அங்கே குறோளிக்குப் பயிற்றினார். அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தில் தமக்குத் தியானநிலை கைகூடிற்று என்று குறோளி எழுதுகின்றார். ஆசனம், பிராணாயாமம், மந்திர செபம் முதலியவற்றைப் பற்றிப் பின்னாளில் அவர் எழுதியவற்றுக்கெல்லாம் கண்டியிற் பெற்ற அனுபவமே அடிப்படையாயிற்று. 1896இல் வெளிவந்த விவேகானந்த சுவாமிகளின் இராசயோக நூலும் அவருக்குத் துணை செய்தது. அந்நூலைத் தம் மாணவர்க்கும் அவர் பரிந்துரைத்தார்.

ஆகவே, மேனாட்டு மந்திர நூல் என்று நாம் ஒதுக்கிவைக்கும் நூலின் ஒரு வேர் கொழும்பிலே, ஒரு தமிழ்ச் சைவரின் இல்லத்திலே ஊன்றியது என்பது வரலாறு.

நான்காம் நூலின் அமைப்பு

குறோளியின் நூல் நான்கு பாகங்களை உடையது. முதற் பாகத்தை அவர் 1911ஆம் ஆண்டில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரை அடுத்த ஊரில் தங்கி, தோழி ஒருவர் எழுதச் சொல்லிக்கொண்டே சென்றார். அது யோகத்தைப் பற்றியது. இரண்டாம் பாகம் கிரியைக்குரிய கருவிகளைப் பற்றியது. கிரியை நெறியை விரிவாகக் கூறும் மூன்றாம் பாகம் 1929ஆம் ஆண்டளவிற் பாரிசில் அச்சேறியது. நான்காம் பாகம் 1936இல் வெளிவந்தது. மேடையிற் காட்டும் செப்படி வித்தையினின்று தம் நெறியைப் பிரித்துக் காட்டும் பொருட்டு, ‘மஜிக்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் இறுதியில் ஓர் எழுத்தை மிகுத்து எழுதும் பழைய வழக்கத்தை அவர் மேற்கொண்டார். உள்ளத்தின் உறுதிக்கு இணங்க மாற்றத்தை விளைவிக்கும் அறிவும் கலையுமே மந்திரக் கிரியை என்பது அவர் வகுத்த இலக்கணம்.

இந்நூலிற் போற்றத்தக்க பகுதிகள் உள. அவற்றை மறைத்தல் அறிஞர்க்கு அழகன்று. இரண்டாம் பாகத்திற் கிரியைக் கருவிகள் ஒவ்வொன்றுக்கும் உட்பொருள் கூறப்படுகின்றது. கோல் என்பது மனவுறுதி. கிண்ணம் என்பது உணர்வு. வாள் என்பது பகுத்தறிவு. வட்டத் தகடு என்பது உடல். விளக்கு என்பது எல்லாவற்றுக்கும் மேலாய் நிற்கும் ஒளி. கருவி வெளியே உள்ளது; அது குறிக்கும் பொருளோ உள்ளே உள்ளது. கும்பத்தை உடலாகவும், அதிற் சுற்றிய நூலை நாடிகளாகவும் கொண்டு பூசிக்கும் நமக்கு இவ்விளக்கம் புதிதன்று. பொருளறியாது மணியடித்துத் தீபங் காட்டுவோர் நம்மிடையே பலராக இருக்க, அயல்நாட்டார் ஒருவர் ஒவ்வொரு கருவிக்கும் பொருள் கேட்டாரே என்று நாம் நாணவும் வேண்டும்.

இன்னொரு சிறப்பு, பயிற்சியை அளந்து எழுதிவைக்கும் வழக்கம். எத்தனை மணிக்கு அமர்ந்தான், எவ்வளவு நேரம் அசையாதிருந்தான், எத்தனை முறை மனம் சிதறிற்று என்பவற்றை மாணவன் நாட்குறிப்பில் எழுதிவருதல் வேண்டும் என்பது குறோளியின் கட்டளை. ஆசனம் கைவந்ததா என்பதை அறியத் தலைமீது நீர் நிறைந்த தட்டொன்றை வைத்து, ஒரு துளியும் சிந்தாது அமர்ந்திருக்கப் பழகும் சோதனையும் கூறப்படுகின்றது. எனக்குச் சித்தி வந்தது என்று வாயாற் கூறுவோரைத் தாளாலும் நாழிகையாலும் சோதிக்கும் இம்முறை நன்று.

வரிசை மாறிய இடம்

இனி, வேறுபாட்டுக்கு வருவோம். பதஞ்சலி முனிவரின் யோக நூல் எட்டு உறுப்புகளைக் கூறும். அவை இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்பன. இயமம் தீயன செய்யாமை. நியமம் நல்லன கடைப்பிடித்தல். இவ்விரண்டும் முதலில் நிற்கின்றன. உடலும் மூச்சும் அவற்றின் பின்னரே வருகின்றன.

குறோளியின் முதற் பாகத்தைத் திறந்து அதிகார வரிசையை நோக்குக. முதலில் ஆசனம், இரண்டாவது பிராணாயாமமும் மந்திர செபமும், மூன்றாவதாகவே இயமமும் நியமமும் வருகின்றன. அதன்பின் பிரத்தியாகாரம் முதல் சமாதி ஈறாக ஏனையவை பழைய வரிசையிலே தொடர்கின்றன. முன்னே நின்ற இரண்டும் பின்னே தள்ளப்பட்டன. தள்ளப்பட்ட இடத்திலும் அவற்றுக்குக் கூறும் காரணம் வேறு. மனம் கலங்காதிருத்தற்கு உதவுவதே ஒழுக்கத்தின் பயன்; ஆதலின் தன் மனத்தை எது குறைவாகக் கலக்குமோ அத்தகைய வாழ்க்கை நெறியை மாணவன் தானே தெரிந்துகொள்க, தெரிந்தபின் அதினின்று வழுவாதிருக்க என்பது அவர் கருத்து.

இதில் ஓர் உண்மை இல்லாமலில்லை. பொய் சொன்னவன் கண்ணை மூடி அமர்ந்தால் அப்பொய்யே அவன் முன் வந்து நிற்கும். ஆகவே வாய்மை தியானத்துக்கு உதவும். இதை நம் ஆசிரியரும் ஒப்புவர். ஆயின் வாய்மை தியானத்துக்கு உதவுவதனால் மட்டும் நல்லதா? என் பொய்யால் என் மனம் கலங்காவிடின் அப்பொய் குற்றமாகாதா? என் பொய்யால் வருந்துபவன் அயலான் அல்லனோ? அவனுக்குக் குறோளியின் கணக்கில் இடம் சிறிதாகிவிட்டது.

இனித் திருமந்திரத்தை நோக்குவோம். ஒன்பது தந்திரங்களாய், மூவாயிரத்தின் மேற்பட்ட பாடல்களாய் அமைந்தது அந்நூல். எட்டுறுப்பு யோகம் மூன்றாந் தந்திரத்தில் வருகின்றது. திருவம்பலச் சக்கரம், ஏரொளிச் சக்கரம், புவனாபதி சக்கரம், நவாக்கரி சக்கரம் முதலிய மந்திர யந்திரங்கள் நான்காந் தந்திரத்தில் வருகின்றன. இவற்றுக்கெல்லாம் முன்னே நிற்கும் முதற் தந்திரத்தில் உள்ளவை யாவை? யாக்கை நிலையாமை, செல்வம் நிலையாமை, இளமை நிலையாமை, உயிர் நிலையாமை, கொல்லாமை, புலால் மறுத்தல், பிறன்மனை நயவாமை, அறஞ்செய்வான் திறம், அன்புடைமை, கல்வி, கேள்வி, கள்ளுண்ணாமை என்பன போன்ற பகுதிகள். திருக்குறளின் அறத்துப்பாலைத் திறந்தாற் போன்ற தோற்றம். இதனைக் கடந்தே ஒருவன் மூச்சுப் பயிற்சிக்கு வருகின்றான். அதனையுங் கடந்தே சக்கரத்துக்கு வருகின்றான்.

மூன்றாந் தந்திரத்திற் புகுந்த பின்னும் முதலில் எதிர்ப்படுவது இயமமே. திருமூலர் கூறும் ஒழுக்கங்களுள் கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை என்பவற்றோடு நடுவுநிலைமையும் பகுத்துண்ணலும் இடம்பெறுகின்றன. பகுத்துண்ணல் யோகத்தின் உறுப்பாவது எங்ஙனம் என்று மாணவர் வினவுவதுண்டு. தனியே மூக்கைப் பிடித்திருந்து வாழ்வதன்று யோகம். பக்கத்து வீட்டில் உலை வைத்தார்களா என்று பார்ப்பதிலிருந்தே அது தொடங்குகின்றது என்பதே விடை. ஐந்தாந் தந்திரம் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கு நெறிகளைக் கூறும்போதும் இதுவே முறை. கோயிலிற் கூட்டுதல், மெழுகுதல், விளக்கிடுதல், மலர் கொய்தல் என்னும் எளிய தொண்டுகள் முதற்படியாகின்றன.

இவ்வரிசை சைவர்க்கு மட்டும் உரியதன்று. நம் அயலவராகிய பௌத்தர் சீலம், சமாதி, பஞ்ஞா என மூன்றாக வகுப்பர். ஆங்கும் சீலமே முதலில் நிற்கின்றது.

ஆணையும் நிறைமொழியும்

மந்திரம் என்னுஞ் சொல்லின் பொருளைத் தொல்காப்பியத்திற் கண்டால் இவ்வேறுபாடு இன்னுந் தெளிவாகும். செய்யுளியலில் ஆசிரியர் மந்திரத்துக்கு இலக்கணங் கூறுகின்றார். சொன்ன சொல் பயன் நிறைந்து பொய்யாது நிற்கும் மாந்தர், தம் ஆணையாற் கூறிய மறைபொருட் சொல்லே மந்திரம் என்பது அதன் கருத்து. இதில் மூன்று கூறுகள் உள. சொல்லப்படுவது மறைமொழி. சொல்லுதற்குரிய ஆற்றல் ஆணை. சொல்லுவோன் நிறைமொழி மாந்தன்.

குறோளியின் இலக்கணத்தில் முதலிரண்டும் உள. மறைமொழி உண்டு, உள்ளத்தின் உறுதி என அவர் கூறுவது ஆணையே ஆகும். இல்லாதது மூன்றாவது. தொல்காப்பியர் கணக்கில் ஆணை எல்லோர்க்கும் உரியதன்று. சொல் பிழையாத வாழ்வு வாழ்ந்தவனுக்கே உரியது. ஒருவன் காலையில் அங்காடியிற் கூறிய சொல்லும் மாலையில் வீட்டிற் கூறிய சொல்லும் பொய்யாது நிற்குமாயின், அவன் வாயிற் பிறக்கும் சொல்லுக்குத் தானே ஓர் ஆற்றல் வரும். அச்சொல்லே மந்திரமாகும். அவ்வாழ்வு இல்லாதவன் அதே எழுத்துக்களை இலட்சம் உரு ஏற்றினும் அது மொழிப் பயிற்சியாய் முடியும். ஆளை விட்டு மந்திரத்தை மட்டும் பெயர்த்தெடுக்க முடியாது என்பது நம் பழந்தமிழர் துணிபு.

மூவர் வாழ்வு

ஒரே பாடத்தைச் சார்ந்து நின்ற மூவரின் வாழ்வும் மூன்று வழியாய்ச் சென்றமை நோக்கத்தக்கது.

பெனற் சீலத்தின் வழியைத் தேர்ந்தார். 1901ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திற் பர்மாவின் அக்யாப் நகரிற் சாமணேரராகி, 1902ஆம் ஆண்டு மே மாதத்தில் உபசம்பதை பெற்று, ஆனந்த மெத்தெய்ய என்னும் பெயருடைய பௌத்த பிக்குவானார். மந்திரக் கிரியையைத் துறந்து, பிக்குகளுக்குரிய 227 விதிகளையும் ஏற்று நின்றார். 1908இல் இங்கிலாந்துக்குப் பௌத்த அறத் தூதுக்குழுவை அழைத்துச் சென்றவர் அவரே. அவரது ஈழை நோயை யோகம் தீர்த்துவிடவில்லை. நோயின் காரணமாக 1914இல் துறவாடையைக் களைந்து இலண்டனில் வறுமையோடு வாழ்ந்து, 1923இல் மறைந்தார். ஆயினும் இறுதிவரை தம்மத்தைப் பற்றியே எழுதினார்.

குறோளி ஆணையின் வழியைத் தேர்ந்தார். 1920இற் சிசிலித் தீவின் செபாலு என்னும் ஊரில் மாணவரோடு ஒரு மடம் அமைத்தார். அங்கு வந்த இளைஞர் ஒருவர் நோயுற்று இறந்த பின் எழுந்த பழிச்சொல்லின் நடுவே, 1923இல் இத்தாலிய அரசு அவரை நாட்டைவிட்டு அகற்றிற்று. போதைப் பொருளுக்கு அடிமையாகி, அதனோடு நெடுங்காலம் போராடி, 1947ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் இங்கிலாந்தின் ஹேஸ்ரிங்ஸ் நகரிற் காலமானார். மனவுறுதியே மந்திரம் என்று எழுதிய கையினால் ஊசியை விலக்க இயலாது போயிற்று. ஒருவரின் வாழ்வைக் கொண்டு மட்டும் அவர் நூலைத் தள்ளிவிடல் முறையன்று. ஆயினும் ஒழுக்கத்தைப் பின்னே வைக்கலாம் என்று கூறும் நூலுக்கு, அதை எழுதியவரின் வாழ்வைவிட நெருங்கிய சான்று வேறில்லை.

இராமநாதன் தொண்டின் வழியில் நின்றார். தந்தையார் எடுப்பித்த கொழும்புப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலைக் கருங்கற்றிருப்பணியாகப் புதுக்கினார். 1913இல் மருதனார்மடத்திற் பெண்களுக்கென இராமநாதன் கல்லூரியை நிறுவினார். 1921இல் திருநெல்வேலியிற் பரமேசுவரக் கல்லூரியை நிறுவினார். அவ்விடத்திலே 1974இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் தொடங்கியது. அரசியலில் அவர் கொண்ட கருத்துக்கள் யாவும் இன்று ஏற்கத்தக்கன அல்ல. வயதுவந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை அளிப்பதை அவர் எதிர்த்தார் என்பதையும் மறத்தல் கூடாது. ஞானோபதேசம் பெற்றோரும் தம் காலத்தின் எல்லையை முற்றக் கடந்தார் அல்லர். எனினும் அவருடைய யோகம் கல்லாகவும் கல்வியாகவும் பிறர்க்குப் பயன்பட்டு நிற்கின்றது.

நம் கரையில்

இவையெல்லாம் கண்டியிலும் இலண்டனிலும் நிகழ்ந்த கதைகள். முந்தலில் வாழும் நமக்கு இவற்றால் ஆவதென்ன என்று சிலர் கருதலாம். ஆவது மிக உண்டு.

களப்புக்கும் கடலுக்கும் இடையே வாழும் இக்கரையில் வாழ்வு நிலையற்றது. ஒரு கிழமை வலை நிறையும். மறு கிழமை வெறும் வலை கரையேறும். இறாற் பண்ணையில் நோய் புகுந்தால் ஓரிரவிற் கடன்காரர் ஆவோர் உளர். இத்தகைய வேளையில் மனம் காரணந் தேடும். ‘செய்வினை வைத்துவிட்டார்கள்’ என்று ஒருவர் கூறப் பழி அயல்வீட்டார்மீது விழும். தகடு எழுதுவோன் வருவான். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டாலும் மருத்துவமனைக்குச் செல்லுமுன் கயிறு கட்டுவோர் இன்றும் உளர். இவ்வச்சத்தை விற்பவர் சமயத்தின் பேரைச் சொல்லியே விற்கின்றனர். திருமந்திரச் சக்கரம் என்று கூறி நான்காந் தந்திரத்திலிருந்து ஒரு கட்டத்தைப் பெயர்த்தெழுதிக் கொடுக்கின்றனர். முதற் தந்திரத்தின் கொல்லாமையையும் அன்புடைமையையும் எவரும் தகட்டில் எழுதிக் கொடுப்பதில்லை.

மற்றொரு பக்கம் படித்த இளைஞர். அவர் கைத்தொலைபேசியில் மூச்சடக்கும் முறைகளும் மந்திரங்களும் ஆங்கில நூல்களும் மழைபோற் பொழிகின்றன. தொடக்கப் பாடம் ஏதுமின்றி நடுப்பக்கத்தைத் திறக்கின்றனர். பதினாறு மாத்திரை உள்ளிழுத்து, அறுபத்து நான்கு மாத்திரை அடக்கி, முப்பத்திரண்டு மாத்திரை வெளிவிடுதல் திருமந்திரம் கூறும் அளவு. அஃது ஆசானின் அருகிருந்து ஆண்டுக் கணக்கிற் பழகியோர்க்குரிய அளவு. இருதய நோயும் ஈழை நோயும் உடையோர் படத்தைப் பார்த்து மூச்சை அடக்குதல் தீங்காய் முடியும். அவர்கள் மருத்துவரின் சொற் கேட்டே எதனையுந் தொடங்குதல் வேண்டும்.

ஆனால் வரிசையறிந்து நிற்பதற்கும் இக்கரையிலேயே சான்று உண்டு. உடப்புத் திரௌபதை அம்மன் கோயிலின் தீமிதிப்பு விழாவை அறியாதார் இப்பகுதியில் இல்லை. தீயில் இறங்குவது விழாவின் முடிவிலே நிகழ்வது. அதற்கு முன் காப்பு உண்டு, நோன்பு உண்டு, பாரதக் கதை கேட்டல் உண்டு, உணவிலும் உறக்கத்திலும் அடக்கம் உண்டு. காப்புக் கட்டாதவனை முதல்நாளே தீக்குழியில் இறங்கச் சொல்வார் யார்? எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் இதனை அறிவாள். அவள் அறிந்த அவ்வுண்மையையே திருமூலர் ஒன்பது தந்திரத்தின் அடைவாக வைத்துள்ளார். கோயிலில் நாம் பிறழாது காக்கும் முறையை நூலைக் கற்கும்போது மட்டும் கைவிடுவது ஏன்?

கற்கும் முறை

இனி, திருமந்திரத்தையோ அதுபோன்ற பிற நூலையோ கற்கப் புகுவார் கொள்ளவேண்டிய சில நெறிகளைச் சுருக்கிக் கூறுவோம்.

முதலாவது, நூலின் அடைவை மதித்தல். முதற் தந்திரத்தை முதலிற் கற்க. நாளொன்றுக்கு ஒரு பாடல் போதும். அன்று கற்றதை அன்றே ஒரு செயலிற் காட்டுக. பகுத்துண்ணலைக் கற்ற நாளில் ஒருவர்க்கு உணவு கொடுக்க. வாய்மையைக் கற்ற நாளில் ஒரு பொய்யைத் தவிர்க்க.

இரண்டாவது, சொற்பொருளை ஐயமறத் தெளிதல். திருமந்திரத்தின் ஒன்பதாந் தந்திரத்திற் ‘சூனிய சம்பாஷணை’ என்றொரு பகுதி உண்டு. நம்மூர் வழக்கிற் சூனியம் என்றால் பிறர்க்குத் தீங்கு செய்யும் வினை. அப்பொருளோடு அப்பகுதியைத் திறப்பவன் அங்கே காண்பது வேறு. கத்தரி விதைக்கப் பாகல் முளைத்தது என்பன போன்ற விடுகதைகளே அங்குள்ளன. யோகப் பயிற்சியாகிய வித்திலிருந்து பற்றின்மையாகிய கைப்புடைய கொடி முளைத்தது என உரையாசிரியர் விரிப்பர். சொல்லின் மேற்பொருளை மட்டும் கண்டு அஞ்சுவோரும் விரும்புவோரும் ஒருங்கே ஏமாறுவர். ஆதலின் உரையோடும் ஆசிரியரோடும் கற்க.

மூன்றாவது, ஆசிரியரைத் தெரிந்து கொள்ளல். ஆறாந் தந்திரத்தில் அவவேடம், தவவேடம் எனப் பொய்வேடத்தையும் மெய்வேடத்தையும் திருமூலர் பிரித்துக் காட்டுகின்றார். அபக்குவன், பக்குவன் என மாணவனையும் பிரிக்கின்றார். அச்சத்தை ஊட்டிப் பொருள் பறிப்பவன் ஆசிரியன் ஆகான். ஐயங் கேட்டாற் சினப்பவனும் ஆகான். விரைவில் சித்தி வேண்டும் என்று கேட்பவன் மாணவனும் ஆகான்.

நான்காவது, பிறர் நூலிலுள்ள நன்மையை ஏற்றல். குறோளி கற்பித்த நாட்குறிப்பு முறையை நம் மாணவர் தயங்காது மேற்கொள்ளலாம். ஆனால் குறிப்பேட்டில் ஒரு நிரலை மிகுத்துக்கொள்க. எத்தனை நிமிடம் அசையாது அமர்ந்தேன் என்பதோடு, இன்று எவரிடம் கடுஞ்சொற் கூறினேன், எவர்க்கு உதவினேன் என்பதையும் எழுதுக. முதற் கணக்கு குறோளியுடையது. இரண்டாவது கணக்கு திருமூலருடையது. இரண்டும் ஒரே தாளில் அமையும் நாளில் கண்டியிற் பிரிந்த நெறி மீண்டும் ஒன்றாகும்.

விழாக் காணும் இக்கல்லூரியின் பழைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உரையோடு கூடிய திருமந்திரப் படியொன்றைத் தத்தம் ஊர்ப் பள்ளி நூலகத்துக்கு வழங்குங்கள். அறநெறிப் பாடசாலையில் நான்காந் தந்திரத்தைக் காட்டுமுன் முதற் தந்திரத்தைக் கற்பிக்கச் சொல்லுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தகடு தேடும் தாயைக் கண்டால் இகழாது, கைப்பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். வழியிலே தேவாரம் ஒன்றையும் அவளோடு சேர்ந்து பாடுங்கள். அதுவே இயமம்; அதுவே கிரியை. அவ்வாறு வாழ்ந்தவர் வாயிற் பிறக்கும் ஆறுதற் சொல்லே இக்கரைக்கு வேண்டிய மந்திரமாகும்.